பூனையின் மறைவிடம்

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு விடுமா?" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிறருடைய அறியாமையை எள்ளி நகையாடுவதற்கு எழுந்த இப்பழமொழியிலே பூனை ஒரு பேதையாகக் காட்டப்படுகின்றது. ஆயினும், பூனை கண்ணை மூடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அக்காரணத்தை மனிதன் முறையாக அறிந்துகொள்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றன.

நாள்தோறும் காலைச் சுற்றி வந்து, மடியில் ஏறிப் படுத்து, அடுப்படியிலே குளிர்காயும் இச்சிறு பிராணி, நோயுற்றதும் கட்டிலின் கீழும், நெல்மூட்டையின் பின்னும், அலுமாரியின் மேலும் சென்று ஒளிந்துகொள்கின்றது. அழைத்தாலும் வருவதில்லை. நாயோ நோயுற்றால் எசமானின் காலடியில் வந்து படுத்து முனகும். பூனை முனகுவதில்லை. "பூனை வீட்டில் இறவாது, காலம் வந்ததும் தானாகவே போய்விடும்" என்று முதியோர் கூறுவர். அவ்வாறு போய்விட்டதாகக் கருதப்பட்ட பூனைகளுட் பல, வீட்டின் பின்புறத்து விறகுக் குவியலிலே கிடந்து மெல்ல மெல்ல உயிர்நீத்தவை. தக்க காலத்திற் கவனித்திருந்தால் அவற்றுட் சில பிழைத்திருக்கவும் கூடும். ஆகவே, பூனை ஏன் நோயை மறைக்கின்றது என்பதும், மனிதன் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்பதும் வெறும் வேடிக்கைச் செய்திகள் அல்ல.

வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வாழும் காட்டுப் பூனைகளாகும். 979 பூனைகளின் பரம்பரைக் கூறுகளை ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இவ்வுண்மையை உறுதிப்படுத்தியது. பயிர்த்தொழில் தோன்றிக் களஞ்சியங்கள் எழுந்தபோது தானியத்தை நாடி எலிகள் வந்தன; எலிகளை நாடிப் பூனைகள் வந்தன. மனிதன் பூனையைக் கட்டிப்பிடித்து வளர்த்தான் என்பதிலும், பூனை தானாகவே மனிதனை அண்டி வந்தது என்பதே பொருந்தும். சைப்பிரசுத் தீவிலே, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழி 2004இல் உலகறிய வெளிப்படுத்தப்பட்டது. அங்கே மனிதன் ஒருவனின் எலும்புக்கூட்டுக்கு ஒரு முழத்தினும் குறைந்த தூரத்தில் எட்டு மாதப் பூனை ஒன்று புதைக்கப்பட்டிருந்தது. அத்தீவிலே இயற்கையாகப் பூனை இனம் இருந்ததில்லை. எனவே, யாரோ அதனைப் படகிலேற்றிக் கடல் கடந்து கொண்டு சென்றிருத்தல் வேண்டும்.

இக்காட்டு முன்னோரின் வாழ்க்கையிலேதான் மறைவின் இரகசியம் அடங்கியிருக்கின்றது. காட்டுப் பூனை எலியையும் பறவையையும் வேட்டையாடும். ஆயின் அதுவே நரிக்கும் கழுகுக்கும் பெரிய விலங்குகளுக்கும் இரையாகவும் கூடும். அது கூட்டமாக வாழ்வதுமில்லை. ஓநாய்க்குக் கூட்டம் உண்டு. யானைக்கு மந்தை உண்டு. தனித்து வேட்டையாடும் பூனைக்கு நோயுற்ற காலத்தில் உணவு கொண்டுவந்து கொடுப்பார் எவருமில்லை. நொண்டுவதையோ சோர்வதையோ பகைவர் கண்டால் உயிருக்கே ஆபத்து. ஆதலின், வலியை வெளிக்காட்டாது, மூடிய இடமொன்றிற் புகுந்து, உடம்பு தேறும்வரை அசையாது கிடப்பதே அதற்குரிய ஒரே வைத்தியம். வீட்டிலே நெற்கூடைக்குப் பின்னால் ஒளியும் பூனையும் அந்தக் காட்டு வைத்தியத்தையே கைக்கொள்கின்றது. அது மனிதனை வெறுத்து ஒதுங்குவதுமன்று, நன்றி மறப்பதுமன்று.

பழந்தமிழரும் பூனையினத்தை இரு நிலைகளில் அறிந்திருந்தனர். வெருகு என்பது காட்டுப் பூனைக்கு அவர்கள் வழங்கிய பெயர். விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமையைக் குட்டி என்னும் பெயருக்கு உரியதாகக் கூறுகின்றது. வீட்டுக் கோழியைக் கவர இருளிற் பதுங்கிவரும் வெருகு சங்கப் புலவர்க்கும் நன்கு தெரிந்த உயிர். பதுங்குதல் அதன் இயல்பு என்பது அக்காலத்தும் தெரிந்ததே. பசிக்காகப் பதுங்கும் அதே உயிர் பிணிக்காகவும் பதுங்கும் என்பதுதான் பலருக்கும் தோன்றாத செய்தி.

பூனையைப் போற்றிய நாடு என்றவுடன் எகிப்தே நினைவுக்கு வரும். பஸ்தெத் என்னும் தெய்வத்துக்குரிய பிராணியாக அங்கே பூனை மதிக்கப்பட்டது. கி.மு. 14ஆம் நூற்றாண்டளவிலே இளவரசன் துத்மோசு தன் பெண் பூனைக்குச் சித்திரம் செதுக்கிய சுண்ணக்கற் பேழை ஒன்றை அமைத்தான். வீட்டிலே பூனை இறந்தால் வீட்டார் யாவரும் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே கிரேக்க சரித்திராசிரியரான எரொதோத்தசு எழுதிவைத்தார். பூனையைக் கொன்ற உரோமன் ஒருவனை மக்கள் திரண்டு தாக்கினர் என்றும், அரசனுடைய அதிகாரிகளாலும் அவனைக் காப்பாற்ற இயலவில்லை என்றும் தியோதோரசு என்னும் மற்றோர் ஆசிரியர் குறிப்பிட்டார்.

ஆயினும், போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. தெய்வத்துக்குக் காணிக்கையாக அளிக்கப்பட்ட பூனை உடல்கள் எண்ணிலடங்காதவை. அவற்றை எக்ஸ் கதிரினாற் சோதித்த அறிஞர், பல பூனைகள் இளவயதிலேயே கழுத்து முறிக்கப்பட்டு இறந்தமையைக் கண்டனர். காணிக்கைக்காகவே அவை வளர்க்கப்பட்டுக் கொல்லப்பட்டன. பிற்காலத்தில் அவ்வுடல்களுக்கு நேர்ந்த கதி இன்னும் விந்தையானது. 1890இல் ஏறத்தாழ 19 தொன் பூனை உடல்கள் எகிப்திலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்கு ஏற்றப்பட்டு, பெரும்பாலும் வயலுக்கு உரமாக விற்கப்பட்டன. தெய்வமாகக் கும்பிட்ட காலத்திலும் சரி, உரமாக விற்ற காலத்திலும் சரி, பூனையை ஓர் உயிராக அருகிருந்து நோக்கியவர் சிலரே.

அத்தகைய சிலரின் அடையாளம் அதே எகிப்தின் வேறொரு மூலையிற் கிடைத்திருக்கின்றது. செங்கடற் கரையிலே பெரெனிக்கே என்னும் துறைமுகம் இருந்தது. அத்துறைமுகத்துக்கும் தமிழகத்துக்கும் நெருங்கிய வணிகத் தொடர்பு உண்டு. இந்தியச் சாடி ஒன்றில் வைக்கப்பட்ட ஏழரைக் கிலோ மிளகு அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டும் கிடைத்தது. மிளகு மூட்டைகளை இறக்கிய அந்நகரின் வெளிப்புறத்திலே, கி.பி. 1ஆம், 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு மயானத்தைப் போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 2011இற் கண்டனர். அது மனிதர்க்குரிய மயானம் அன்று, வளர்ப்புப் பிராணிகளுக்குரியது.

2021இல் வெளியான அறிக்கையின்படி அங்கே 585 பிராணிகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 536 பூனைகள். எஞ்சியவற்றுள் நாய்களும் குரங்குகளும் அடங்கும். இவை காணிக்கைக்காகக் கொல்லப்பட்டவை அல்ல; தைலமிட்டுப் பதப்படுத்தப்பட்டவையும் அல்ல. துணியிலோ பாயிலோ சுற்றி, உறங்குவதுபோற் கிடத்தி, மண்ணிட்டு மூடப்பட்டவை. சில பூனைகளின் கழுத்திலே கண்ணாடி மணியும் சங்கு மணியும் கோத்த மாலை இருந்தது. ஒரு பூனை பெரும்பறவை ஒன்றின் சிறகின்மேற் கிடத்தப்பட்டிருந்தது.

இவற்றினும் மேலான சான்று எலும்புகளிலே காணப்பட்டது. கால் முறிந்த பிராணிகளும், பல்லெல்லாம் உதிர்ந்த முதுமையடைந்த பிராணிகளும் அங்கே இருந்தன. பாலைவனத்தின் விளிம்பிலே, குடிதண்ணீரையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்த ஊரிலே, வேட்டையாட வலியற்ற பிராணி ஒன்று தானாக உயிர்வாழ முடியாது. யாரோ அதற்கு மெல்லத் தேவையில்லாத உணவைக் கொடுத்தார்கள். யாரோ அதன் நலிவைக் கண்டறிந்தார்கள். அவர்கள் மீகாமரோ, கூலியாளரோ, வணிகரோ, பெயரில்லாத அம்மக்கள் பூனையைத் தெய்வமாகவும் கொள்ளவில்லை, எலிப்பொறியாகவும் கொள்ளவில்லை. அண்டி வாழும் உயிராகக் கொண்டனர்.

அவர்களுடைய நோக்கு உலகிற் பரவி நிலைத்திருந்தால் இச்சரித்திரம் வேறாக அமைந்திருக்கும். இடைக்கால ஐரோப்பாவிலே பூனையின் மதிப்பு அதன் வேலையைக்கொண்டே அளக்கப்பட்டது. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேல்சு நாட்டு அரசன் ஹைவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டங்கள் இதற்குத் தக்க உதாரணம். கண் திறவாத குட்டிக்கு ஒரு பென்னி. கண் திறந்தபின் எலி பிடிக்கும்வரை இரண்டு பென்னி. எலி பிடிக்கத் தொடங்கியபின் நான்கு பென்னி என்று அவை விலை வகுத்தன. விற்கப்படும் பூனைக்குப் பார்வையும் செவிப்புலனும் குறைவற இருத்தல் வேண்டும், நகங்கள் முழுமையாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தன. பூனைக்குச் சட்டம் ஒன்று இருந்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அச்சட்டத்தின்படி நோயுற்ற பூனைக்கு விலை என்ன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலை செய்ய மாட்டாத பூனை குறையுடைய சரக்கு; அவ்வளவே.

விலங்கு வைத்தியம் கல்லூரியேறிய காலத்திலும் பூனைக்கு இடம் கிடைக்கவில்லை. 1762இல் பிரான்சின் லியோன் நகரிலே குளோட் பூர்ஷெலா என்பவர் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். குதிரையின்றிப் படையில்லை, மாடின்றி உழவில்லை என்ற காலம் அது. ஆதலால் குதிரைக்கும் மாட்டுக்குமே வைத்தியர் தேவைப்பட்டனர். பின்னர் வேட்டை நாய்க்கும் வைத்திய நூல்கள் எழுந்தன. பூனை கடைசியில் நின்றது. இதற்கு மனிதனின் அலட்சியம் ஒரு காரணம். பூனையின் இயல்பு மற்றொரு காரணம். நோயை வாய்விட்டுக் கூறாத நோயாளிக்கு வைத்தியரை அழைப்பார் யார்?

1871ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலண்டன் பளிங்கு மாளிகையிலே ஹரிசன் வெயர் என்னும் ஓவியர் பெரியதொரு பூனைக் கண்காட்சியை நடத்தினார். பூனை இழிவான பிராணி அன்று என்று மக்களுக்கு உணர்த்துவதே அவருடைய நோக்கம். அதன்பின் நகரத்துச் செல்வர் வீடுகளிலே பூனை வளர்ப்பு ஒரு நாகரிகமாயிற்று. வளர்ப்போர் கண்ணெதிரே பூனைகள் நோயுற்று மடிந்தபோது, அவற்றின் நோய்களை ஆராய்வாரும் தோன்றினர். குட்டிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவந்த கொடிய குடற் கொள்ளைநோய் வைரசினால் வருவது என்பது 1928இல் பிரான்சிலே நிரூபிக்கப்பட்டது. 1958இல் இங்கிலாந்திலே பூனைகளின் நலனுக்கென்றே ஓர் ஆலோசனைச் சபை நிறுவப்பட்டது. 1964இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஜாரெட், ஒரே வீட்டில் வாழ்ந்த பூனைகள் பல ஒரே வகைப் புற்றுநோயால் இறந்தமையை ஆராய்ந்து, அந்நோயைத் தொற்றச் செய்யும் வைரசைக் கண்டுபிடித்தார். அதற்கெதிரான தடுப்பூசி 1985இல் வெளிவந்தது.

இவ்வளர்ச்சிக்கு ஒரு சாதாரணக் கடைப்பொருளும் துணைசெய்தது. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே எட்வர்ட் லோ என்பவர் ஈரத்தை உறிஞ்சும் களிமண் மணிகளைப் பூனையின் மலசலத் தட்டுக்குரிய பொருளாக விற்கத் தொடங்கினார். அதற்கு முன்னர் மணலும் சாம்பலும் இடப்பட்ட தட்டுகள் இருந்தனவாயினும், பெரும்பாலான பூனைகள் தம் தேவைகளை வெளியே முடித்தன. மலத்தை மண்ணால் மூடுவதும் பூனையின் மறைக்கும் இயல்பில் ஒன்று. ஆதலால், சிறுநீர் தடைப்பட்டதையும், கழிச்சல் ஏற்பட்டதையும் வீட்டார் அறிய வழியிருக்கவில்லை. தட்டு வீட்டினுள் வந்தபின், மறைத்துவைத்த செய்தி நாள்தோறும் வீட்டார் கைக்கு வந்தது. இந்நாளிலும் மிருக வைத்தியர் முதலில் வினவும் கேள்விகளுள் இத்தட்டைப் பற்றிய கேள்வியும் ஒன்று.

நோயுற்ற பிராணி ஒடுங்கிக் கிடப்பதன் தத்துவத்தையும் விஞ்ஞானிகள் பின்னர் விளக்கினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹாட் 1988இல் இதுபற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். காய்ச்சல், சோர்வு, உணவில் வெறுப்பு, உரோமத்தை நக்கித் துப்புரவு செய்யாமை ஆகியன நோயினால் உடம்பு தளர்ந்து போனதன் விளைவுகள் மட்டும் அல்ல; கிருமியோடு பொருதுவதற்கு உடம்பு தன் வலிமை அனைத்தையும் ஒரு முகப்படுத்தும் ஏற்பாடே அது என்பது அவர் கருத்து. மறைவிடத்திற் கிடக்கும் பூனை சும்மா கிடப்பதில்லை. தன் வழியிற் போராடிக்கொண்டே கிடக்கின்றது.

ஆயினும், எல்லா நோய்களும் ஒளிந்து கிடப்பதால் மாத்திரம் தீர்ந்துவிடுவதில்லை. அத்துடன், நோய் மறைந்திருக்கும் அளவும் வியக்கத்தக்கது. 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ் கதிர்ப் படங்களை அமெரிக்க மிருக வைத்தியர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. முன்னர் உயரத்திலே தாவிய பூனை இப்போது தாவுவதில்லை என்றால், "அதற்கு வயதாகிவிட்டது" என்று கூறி விடுவது வழக்கம். வயது என்று எண்ணப்பட்டதிற் பெரும்பகுதி வலியாகவும் இருக்கலாம். பூனை மெல்லக் குறுகுறுப்பதைக் கேட்டு அது இன்பமாக இருக்கின்றது என்று எண்ணுவோரும் பலர். இன்பத்திற் குறுகுறுக்கும் பூனை கடும் வலியிலும் குறுகுறுப்பதுண்டு.

இந்த இடத்திலேதான் பழமொழியிற் கூறப்பட்ட மூடிய கண் முக்கியம் பெறுகின்றது. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019இல் பூனையின் முகத்திலிருந்தே வலியை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். காதுகளின் நிலை, கண்ணின் சுருக்கம், மூக்கும் வாயும் சேர்ந்த முகப்பகுதியின் இறுக்கம், மீசை மயிரின் நிலை, தலை தாழ்ந்திருக்கும் அளவு என்னும் ஐந்து குறிகளை அவர்கள் வகுத்தனர். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிட வேண்டும். 10இல் 4 புள்ளியை அடைந்தால் வலிநீக்கி மருந்து தேவைப்படலாம் என்று கொள்ளப்படும். பாதி மூடிய கண், வெளிப்புறமாகத் திரும்பிய காது, தோளினும் தாழ்ந்த தலை ஆகியன வலியின் எழுத்துக்கள். உலகம் இருண்டுவிட்டதாகக் கருதிப் பூனை கண்ணை மூடுவதில்லை. வலியினாலும் அது கண்ணைச் சுருக்கும். அவ்வெழுத்துக்கள் என்றும் அதன் முகத்திலேயே இருந்தன; படிக்கக் கற்றவர்தாம் இருக்கவில்லை.

அங்ஙனமாயின், ஒளிந்த பூனையை வெளியே இழுத்தெடுப்பது நன்றோ என்ற வினா எழும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஓரளவு விடை தருகின்றது. காப்பகம் ஒன்றுக்குப் புதிதாக வந்த 19 பூனைகளுள் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுக்கப்பட்டது. 9 பூனைகளுக்குக் கொடுக்கப்படவில்லை. பெட்டி பெற்றவை முதற் சில நாள்களிலேயே அச்சம் தணிந்து புதிய இடத்துக்குப் பழகின. ஆகவே, மறைவிடம் பூனைக்குத் தீங்கன்று. அதுவும் ஒரு மருந்தே. மறைவிடத்தைப் பறிக்காமல், அதனைக் கண்ணுக்கு எட்டும் இடத்தில் அமைத்துக் கொடுப்பதே அறிவுடைமை. பக்கத்தைத் திறந்து பழந்துணி விரித்த ஒரு கடதாசிப் பெட்டி போதும். அதனருகே உணவும் நீரும், சற்று அப்பால் மணற்தட்டும் வைத்துவிட்டால், பூனை எவ்வளவு உண்டது, எவ்வளவு குடித்தது, சிறுநீர் கழித்ததா என்பவற்றை அதன் அமைதியைக் கெடுக்காமலே அறியலாம்.

சில குறிகள் காத்திருக்க இடந்தராதவை. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முயன்று முயன்று துளியும் கழிக்காதிருப்பின் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். தாமதித்தால் ஓரிரு நாள்களில் உயிர் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையும் அவ்வாறே. இரண்டு மூன்று நாள்கள் உணவு கொள்ளாத பூனைக்கு, அதிலும் உடல் பருத்த பூனைக்கு, ஈரலிற் கொழுப்புத் தேங்கிப் புதியதொரு நோய் உண்டாகக்கூடும். இரக்கத்தினால் வீட்டு மருந்தைக் கொடுப்பதும் ஆபத்தானது. காய்ச்சலுக்கு மனிதர் விழுங்கும் பரசிற்றமோல் குளிசை பூனைக்குக் கொடிய நஞ்சாகும்.

இந்நெடிய சரித்திரத்தை நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. பூனையின் இயல்பு இவ்வளவு காலத்திலும் பெரிதும் மாறவில்லை. சைப்பிரசுக்குப் படகேறிய பூனையும், பெரெனிக்கேயில் மணிமாலை அணிந்த பூனையும், இன்று யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ ஒரு வீட்டு அலுமாரியின் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும் பூனையும் ஒரே மொழியைத்தான் பேசுகின்றன. மாறி வந்தது மனிதனுடைய நோக்கே. பூனையைத் தெய்வம் என்றான், நான்கு பென்னி என்றான், உரம் என்றான், அழகுப் பொருள் என்றான். நோயுறும் உயிர் என்று முறையாக எண்ணத் தொடங்கியது மிக அண்மையிலேதான். ஆனால், கல்லூரியும் கருவியும் இல்லாத அச்செங்கடற் துறைமுகத்து மக்கள், பல்லிழந்த பிராணிக்கு உணவு பிசைந்து ஊட்டும் அளவுக்கு அதனை அறிந்திருந்தனர். அவர்களிடம் இருந்தது கூர்ந்த கவனம் ஒன்றே. தன் துன்பத்தைத் தானே சொல்லாத உயிர் வீட்டில் இருக்குமாயின், அதன் துன்பத்தைத் தேடி அறிவது அவ்வீட்டாரின் கடமையாகும்.